மலையின் ஊதா ஏன் காகிதத்தில் ஏறுவதில்லை

கோடை தொடங்கும் நாட்களில் குன்னூர், கோத்தகிரி சாலையோரங்களில் ஜகரண்டா மரங்கள் இலை குறைந்து, கிளையெல்லாம் நீலமும் ஊதாவும் கலந்த பூவாக நிற்கும். வண்டியை ஓரங்கட்டி அதைப் போனில் படமெடுக்காத சுற்றுலாப் பயணி குறைவு. ஹோம்ஸ்டே நடத்துபவர்களும் அந்தப் படத்தையே விசிட்டிங் கார்டிலும் நோட்டீஸிலும் போடப் பார்க்கிறார்கள். போனில் பளிச்சென்று இருந்த பூ அச்சாகி வரும்போது மங்கிய கத்தரிப்பூ நிறமாகிவிடுகிறது. உடனே பழி அச்சகத்தின் தலையில் விழுகிறது: "மை கம்மியா போட்டுட்டாங்க." பெரும்பாலும் இது நியாயமில்லாத குற்றச்சாட்டு. எவ்வளவு மை போட்டாலும் வழக்கமான நான்கு வண்ண அச்சில் அந்த ஊதா வராது. அதைக் காட்டும் வசதி திரைக்கு உண்டு, காகிதத்துக்கு இல்லை. இதைப் புரிந்துகொண்டால், ஒரு தேயிலைப் பாக்கெட்டுக்கோ மலர்க்கண்காட்சி போஸ்டருக்கோ நிறம் தேர்ந்தெடுக்கும் முறையே மாறிவிடும்.

திரையிலிருந்து தொடங்குவோம். திரை தானே ஒளி விடும் பொருள். அதன் ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பொடி விளக்குகள். மூன்றும் அணைந்தால் கருப்பு, மூன்றும் முழுதாக எரிந்தால் வெள்ளை. சிவப்பும் பச்சையும் சேர்ந்து எரிந்தால் மஞ்சள். பெயின்ட் கலக்கிப் பழகியவர்கள் இந்தக் கணக்கை எளிதில் நம்ப மாட்டார்கள். ஒவ்வொரு விளக்குக்கும் 0 முதல் 255 வரை 256 படிகள் உண்டு. 256ஐ மூன்று முறை பெருக்கினால் 1,67,77,216 வரும். விளம்பரங்களில் பெருமையாகச் சொல்லும் '16 மில்லியன் நிறங்கள்' இந்தப் பெருக்கல்தான். ரெட், கிரீன், புளூ என்ற பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஆர்ஜிபி என்பது இந்த முறையைத்தான்.

ஏன் மூன்றே மூன்று? ஒளியில் மூன்று நிறம்தான் இருக்கிறது என்பதால் அல்ல. நம் கண்ணில் நிறம் காணும் கூம்பு செல்கள் மூன்று வகை என்பதால். தாமஸ் யங் 1802இலேயே கண்ணுக்குள் மூன்று வகை உணர்விகள் இருந்தால் போதும் என்று ஊகித்துவிட்டார். 1861இல் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் லண்டனில் அதை மேடையேற்றிக் காட்டினார். கட்டம்போட்ட ஒரு ஸ்காட்லாந்து ரிப்பனைச் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் வழியாகத் தனித்தனியே கருப்பு வெள்ளையில் படமெடுக்கச் செய்து, மூன்றையும் அதே நிற ஒளிகளில் ஒன்றின் மேல் ஒன்றாகத் திரையில் விழச் செய்தார். ரிப்பன் வண்ணத்தில் தெரிந்தது. இன்று நம் கையில் இருக்கும் போன் வரை அதே தந்திரம்தான்.

காகிதத்துக்கு ஒளி விடத் தெரியாது. அதன் மீது விழும் வெயிலையோ டியூப்லைட்டையோ திருப்பி அனுப்புகிறது, அவ்வளவுதான். மை அதற்கு நடுவே நின்று ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. சயான் (பச்சை கலந்த நீலம்) மை சிவப்பு ஒளியைத் தின்னும், மெஜந்தா (அடர் ரோஸ்) பச்சையைத் தின்னும், மஞ்சள் நீலத்தைத் தின்னும். திரையில் நிறம் கூட்டக் கூட்ட வெளிச்சம் ஏறுகிறது. காகிதத்தில் மை கூட்டக் கூட்ட வெளிச்சம் இறங்குகிறது.

இந்த மூன்று மையையும் சேர்த்தால் கருப்பு வர வேண்டும். நடைமுறையில் சேறு போன்ற பழுப்புதான் வருகிறது. ஆகவே கருப்பைத் தனி மையாகச் சேர்த்தார்கள்; சயான், மெஜந்தா, யெல்லோ ஆகியவற்றின் முதலெழுத்துகளோடு கருப்புக்கு 'கே' சேர்ந்து சிஎம்ஒய்கே ஆயிற்று. கருப்பைச் சேர்க்க வேறு காரணங்களும் உண்டு. மூன்று மையையும் ஒரே இடத்தில் ஏற்றினால் காகிதம் நனைந்து காய மறுக்கும், கருப்பு மை மலிவு, எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சின்ன எழுத்தை மைக்கு ஒன்றாக மூன்று பிளேட்டுகளில் அச்சடித்து அணுவளவும் பிசகாமல் பொருத்துவது நடக்காத காரியம்.

பேச்சு வழக்கில் ஒரு குழப்பம் இங்கே நுழைகிறது. பல பிரஸ்களில் சயானை 'புளூ' என்றும் மெஜந்தாவை 'ரெட்' என்றும் சொல்வார்கள். வாடிக்கையாளர் "கொஞ்சம் ரெட் ஏத்துங்க" என்று சொன்னால் மெஷின்மேன் மெஜந்தாவை ஏற்றுவார். குங்குமச் சிவப்பு கேட்டவருக்கு ரோஸ் வந்து சேரும். அச்சில் சிவப்பு என்பது மெஜந்தாவும் மஞ்சளும் ஏறக்குறைய சரிபாதியாகச் சேர்ந்தது. மெஷின் பக்கத்தில் நின்று திருத்தம் சொல்ல ஆசைப்படுபவர் குறைந்தது இந்த ஒன்றையாவது தெரிந்துகொண்டு நிற்பது நல்லது.

சரி, ஊதாவுக்கு வருவோம். ஜகரண்டாவின் நிறம் வேண்டுமென்றால் சயானும் மெஜந்தாவும் சேர வேண்டும். சயான் சிவப்பை மட்டும் தின்று பச்சையையும் நீலத்தையும் முழுதாக விட்டுவிட்டால் பிரச்சினையே இல்லை. உண்மையான சயான் மை அத்தனை ஒழுக்கமானதல்ல. பச்சையிலும் நீலத்திலும் கொஞ்சம் கை வைக்கிறது. மெஜந்தா பச்சையோடு நிற்காமல் நீலத்திலும் கணிசமாகத் தின்கிறது. இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றினால், எந்த நீல ஒளி தப்பித்து வெளியே வர வேண்டுமோ அதையே இரண்டும் கடித்துவிடுகின்றன. மிஞ்சுவது இருண்ட, அழுக்கேறிய ஊதா. திரையில் இந்தத் தொல்லை கிடையாது, நீல விளக்கை நேராக ஏற்றிவிட்டால் போதும். வடிவமைப்பாளர்கள் நடுவே ஒரு கைவழக்கம் உண்டு: நீலம் வேண்டுமென்றால் சயானுக்கும் மெஜந்தாவுக்கும் இடையே குறைந்தது 30 சதவீத இடைவெளி விடு. சயான் 100, மெஜந்தா 70 என்றால் நீலமாக நிற்கும். இரண்டும் 100 என்றால் கத்தரிக்காய்.

12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சிக்கும் இதே கதி. தேயிலைக் கொழுந்தின் கதியும் இதைவிட மேலானதல்ல. மழை விட்டு வெயில் அடிக்கும்போது தளிர் மீது தெரியும் மஞ்சள் கலந்த பளீர்ப் பச்சையைத் திரை ஓரளவு பிடித்துவிடும். சயானும் மஞ்சளும் சேர்ந்த அச்சுப் பச்சை அதற்கு ஒரு படி கீழே நின்றுவிடும். ஆக, நீலகிரிக்காரர்கள் தங்கள் ஊரைக் காட்ட முதலில் கை வைக்கும் இரண்டு நிறங்களும் அச்சு மைக்கு ஆகாதவை. மஞ்சள், கிரீம், செங்கல் சிவப்பு, காப்பிக்கொட்டைப் பழுப்பு, சோலைக்காட்டின் கரும்பச்சை எல்லாம் அச்சில் நன்றாகவே வரும்.

தொலைவில் அடுக்கடுக்காகத் தெரியும் மலைகளின் நீலமும் அச்சுக்கு ஒத்துவரும் நிறம்தான். 2,637 மீட்டர் உயரத்தில் இருக்கும் தொட்டபெட்டாவில் நின்று பார்த்தால் தெரியுமே, அந்த நீலம். இடையில் இருக்கும் காற்று நீல ஒளியைக் கூடுதலாகச் சிதறடிப்பதால் வரும் வெளிறிய சாம்பல் நீலம் அது. அடர்த்தி குறைந்த நிறம், கொஞ்சம் சயானும் அதைவிடக் கொஞ்சமான மெஜந்தாவும் போதும். மலையை நீலத்தில் காட்டியே ஆக வேண்டும் என்பவர்களுக்கு என் யோசனை: பூவை விடுங்கள், தொலைவை எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது எண்களைப் பற்றி. 'எங்கள் லோகோவின் நிறம் ஆர்ஜிபி 90, 60, 180' என்று ஒருவர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அது ஒரு கட்டளை, அவ்வளவுதான். சிவப்பு விளக்கை இத்தனை ஏற்று, பச்சையை இத்தனை ஏற்று என்று சொல்கிறது. எந்த விளக்கு என்று சொல்லவில்லை. 'ரெண்டு ஸ்பூன் டீத்தூள்' என்று சொல்லிவிட்டு டஸ்ட்டா, இலையா என்று சொல்லாமல் விடுவது மாதிரிதான் இதுவும். ஒரே எண்ணைப் பழைய மானிட்டரில் போட்டால் ஒரு ஊதா, 'விவிட்' என்று வைத்த புதுப் போனில் போட்டால் வேறொரு ஊதா.

இதைத் தீர்க்க, கருவியைச் சாராமல் கண்ணைச் சார்ந்த ஓர் அளவுகோல் வேண்டும். 1931இல் சிஐஇ என்ற சர்வதேச ஒளியூட்டல் ஆணையம் அதை உண்டாக்கியது. அதற்கு அடிப்படை இங்கிலாந்தில் ரைட், கில்ட் என்ற இருவர் தனித்தனியே நடத்திய சோதனைகள். இரண்டிலும் சேர்த்து நிறம் பொருத்திப் பார்த்தவர்கள் 17 பேர்தான். ஊட்டி மார்க்கெட்டில் விற்கும் போன் தொடங்கி சிவகாசியில் ஓடும் ஆஃப்செட் மெஷின் வரைக்கும் நிறம் அளக்கும் கணக்கு அந்த 17 ஜோடிக் கண்களில் போய்த்தான் முடிகிறது. நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது, ஆனால் கணக்கு இன்றும் வேலை செய்கிறது. 1976இல் அதையே கண்ணுக்கு ஏற்றபடி சீராக்கி 'லேப்' என்ற அளவை வந்தது. 1996இல் ஹெச்பியும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து சாதாரண மானிட்டர்களுக்குப் பொதுவாக எஸ்ஆர்ஜிபியை முன்வைத்தன. இணையத்தில் இன்னமும் சொல்லாமல் கொள்ளாமல் நடப்பில் இருப்பது அதுதான்.

கருவிக்கும் இந்தப் பொது அளவுகோலுக்கும் இடையே மொழிபெயர்க்கும் கோப்புக்கு ஐசிசி புரொஃபைல் என்று பெயர். இன்ன காகிதத்தில், இன்ன மையில், இத்தனை சதவீதம் போட்டால் கண்ணுக்கு என்ன தெரியும் என்று அளந்து எழுதிய அட்டவணை அது. ஆர்ஜிபியிலிருந்து சிஎம்ஒய்கேவுக்கு மாற்றும் பட்டனை அழுத்தும்போது மென்பொருள் ஏதோ ஒரு புரொஃபைலைப் பார்த்துத்தான் மாற்றுகிறது. யாரும் மாற்றி வைக்காவிட்டால் ஃபோட்டோஷாப் பெரும்பாலும் அமெரிக்க அச்சகங்களுக்கான ஸ்வாப் புரொஃபைலை எடுத்துக்கொள்ளும். குன்னூரில் உட்கார்ந்து சிவகாசியில் அச்சிடப்போகும் ஒரு பச்சையை அமெரிக்க மெஷினுக்காகக் கணக்குப் போட்டு அனுப்புவது எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? அச்சகத்தை ஒரு போன் போட்டு "என்ன புரொஃபைல்ல அனுப்பணும்?" என்று கேட்டால் முடிந்துபோகும் விஷயம். சில இடங்களில் பதில் வராது. அப்படிப்பட்ட இடத்தில் நிறம் முக்கியமான வேலையைக் கொடுக்காமல் இருப்பது நல்லது.

புள்ளிகளும் தமிழெழுத்தும்

ஆஃப்செட் மெஷினுக்கு 'லேசான பச்சை' என்று ஒன்று தெரியாது. மை இருக்கும், அல்லது இருக்காது. லேசான நிறம் வேண்டுமென்றால் சின்னப் புள்ளி, அடர்ந்த நிறத்துக்குப் பெரிய புள்ளி. ஏதாவது ஒரு டீ அட்டைப்பெட்டியை எடுத்துப் பூதக்கண்ணாடியில் பாருங்கள், பச்சை காணாமல் போய் சயானும் மஞ்சளுமாகப் புள்ளிகள் தெரியும். நான்கு மைப் புள்ளிகளும் ஒன்றோடொன்று மோதிக் கோலம் கட்டாமல் இருக்க ஒவ்வொன்றையும் வேறு கோணத்தில் அடுக்குவார்கள். சயான் 15 டிகிரி, மெஜந்தா 75, மஞ்சள் 0, கருப்பு 45 என்பது பழைய வழக்கம். மஞ்சள் கண்ணுக்கு அதிகம் உறுத்தாது என்பதால் அதற்கு மோசமான கோணம்.

மை காகிதத்தில் விழுந்ததும் புள்ளி கொஞ்சம் விரியும். வழவழப்பான ஆர்ட் பேப்பரில் குறைவாக, மேற்பூச்சு இல்லாத மேப்லித்தோ காகிதத்தில் அதைவிட அதிகமாக, நியூஸ்பிரின்டில் இன்னும் அதிகமாக. ஒரே ஃபைலை ஆர்ட் பேப்பரில் போட்டால் தெளிவாகவும் மேப்லித்தோவில் போட்டால் கருத்தும் வருவது இதனால்தான். மொத்த மை அளவுக்கும் வரம்பு உண்டு. நான்கு மையின் சதவீதங்களையும் கூட்டினால் ஆர்ட் பேப்பரில் ஏறக்குறைய 300 வரை போகலாம், நியூஸ்பிரின்டில் 240ஐத் தாண்டினால் பின்பக்கம் ஊறும்.

தமிழில் வடிவமைப்பவர்கள் இங்கே கூடுதலாகக் கவலைப்பட வேண்டும். நம் எழுத்துகளில் சுழிகள் அதிகம். ண, ணை, னை போன்றவற்றில் உள்வெளி மிகச் சின்னது. மெய்யெழுத்தின் மேல் நிற்கும் புள்ளியோ அதைவிடச் சின்னது. கரும்பச்சைப் பின்னணியில் வெள்ளை எழுத்தைக் குடைந்து விட்டால், நான்கு பிளேட்டுகளில் ஒன்று கால் மில்லிமீட்டர் நகர்ந்தாலே அந்தப் புள்ளி நிரம்பிவிடும். 'பால்' என்பது 'பால' என்றும் 'தேன்' என்பது 'தேன' என்றும் நிற்கும். ஆங்கிலத்தில் ஓர் எழுத்தின் ஓரம் மழுங்கினாலும் சொல் தப்பிக்கும். தமிழில் புள்ளி போனால் சொல்லே போயிற்று. பாக்கெட்டின் பின்புறம் வரும் சேர்மானம், விலாசம் போன்ற பொடி எழுத்துகளை வெளிர் பின்னணியில் கருப்பு மை ஒன்றில் மட்டும் வைப்பதுதான் பத்திரம். பெரிய தலைப்பை எப்படி வேண்டுமானாலும் அலங்கரியுங்கள்.

மலையில் இன்னொரு வில்லன் ஈரம். காகிதம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி நீளும், குறிப்பாக நாரின் குறுக்குத் திசையில். தென்மேற்குப் பருவமழையில் நாள் கணக்கில் மஞ்சு இறங்கி நிற்கும் ஊரில், கட்டுப் பிரித்து வைத்த காகிதம் காலையில் ஓர் அளவு, மாலையில் ஓர் அளவு. முதல் இரண்டு கலரை இன்று ஓட்டிவிட்டு அடுத்த இரண்டை நாளை ஓட்டும் சின்ன மெஷின்களில் பொருத்தம் பிசக இது போதும், மையும் லேசில் காயாது. மலர்க்கண்காட்சி மே மாதம் வருவதால் அந்த வேலைகள் ஓரளவு தப்பிக்கின்றன.

எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம்

நிறச் சேர்க்கை என்றதும் எல்லோரும் சக்கரத்தைக் காட்டுவார்கள். நியூட்டன் 1704இல் வெளியிட்ட ஒளியியல் நூலில் நிறங்களை வட்டமாக வளைத்து வைத்தார், அன்றிலிருந்து சக்கரம் சுற்றுகிறது. எதிரெதிர் நிறம் சேர்த்தால் துடிப்பு, பக்கத்துப் பக்கத்து நிறம் சேர்த்தால் அமைதி, முக்கோணமாக எடுத்தால் கலகலப்பு என்று பாடம். தவறில்லை, ஆனால் எந்தச் சக்கரம் என்று யாரும் கேட்பதில்லை. ஓவியர்களின் சிவப்பு, மஞ்சள், நீலச் சக்கரத்தில் சிவப்புக்கு எதிரே பச்சை. கணினியின் ஆர்ஜிபி சக்கரத்தில் சிவப்புக்கு எதிரே சயான். பள்ளியில் படித்ததை நம்பி மென்பொருளில் தேடுபவர் வேறொரு நிறத்தோடு திரும்புவார்.

சக்கரத்தைவிட எனக்குப் பயன்படுவது ஒரு பழைய புகார்க் கதை. பாரிஸின் கோபலான் திரைச்சீலை ஆலையில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் செவ்ரல் என்ற வேதியியலாளர். கருப்பு நூலில் சாயம் சரியில்லை, வெளிறித் தெரிகிறது என்று அவரிடம் புகார் வந்தது. அவர் சோதித்துப் பார்த்தார். சாயத்தில் குறையே இல்லை. பக்கத்தில் நெய்திருந்த நீலமும் ஊதாவும்தான் கருப்பை அப்படிக் காட்டின. 1839இல் அதை விரிவான நூலாகவே எழுதினார்: அருகருகே நிற்கும் நிறங்கள் ஒன்றையொன்று தமக்கு எதிர்த்திசையில் தள்ளும். மெஷினைக் குறை சொல்வதற்கு முன் பக்கத்து நிறத்தைப் பார் என்பது இன்றைக்கும் பொருந்தும். பச்சைக்கு நடுவே வைத்த சாம்பல் லேசாகச் சிவந்து தெரியும். சிவப்பு வைத்தால் இன்னும் சிவந்து தெரியும்.

நீலகிரித் தேயிலைப் பாக்கெட்டுகளைக் கடை அடுக்கில் பார்க்கும்போது இது நினைவுக்கு வருகிறது. பச்சை, பச்சையில் கொஞ்சம் மஞ்சள், பச்சையில் கொஞ்சம் நீலம். பக்கத்து நிறங்களின் அமைதி என்று பாடம் சொல்லலாம், ஆனால் பத்து பாக்கெட் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் பதினோராவது கண்ணில் படாது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும் மலை ரயிலைப் பாருங்கள். பெட்டி நீலமும் கிரீமும். வழியெல்லாம் பச்சை, இந்த வண்டி பச்சையைத் தொடவே இல்லை. கிரீம் என்பது வெளிறிய மஞ்சள், நீலத்துக்கு ஏறக்குறைய எதிர்ப்பக்கம். ஒன்று வெளிர், மற்றொன்று அடர்த்தி. காட்டுக்குள் வளைவில் தலைகாட்டும்போதே தெரிந்துவிடுகிறது. மஞ்சு மூடிய நாளிலும் கிரீம் பட்டை தனியே தெரியும்.

தோடர் எம்பிராய்டரி இன்னும் கறாரானது. வெளுக்காத பருத்தித் துணி, அதில் பெரும்பாலும் சிவப்பும் கருப்புமான நூல். வரைந்த கோடு கிடையாது. துணியின் இழைகளை எண்ணி எண்ணியே பெண்கள் தையல் போடுகிறார்கள். 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வடிவமைப்பவரின் கண்ணோடு பார்த்தால் இதில் மூன்று வெளிச்ச அளவுகள் இருக்கின்றன: துணி வெளிச்சம், சிவப்பு நடுத்தரம், கருப்பு இருள். நிறமே தெரியாதவருக்கும் கோலம் தெரியும்.

அந்தச் சோதனையைத்தான் எந்த நிறச் சேர்க்கைக்கும் முதலில் செய்ய வேண்டும்: கருப்பு வெள்ளையாக்கிப் பார். ஊட்டியில் ஒரு காலத்தில் இதற்கான ஃபிலிமே செய்தார்கள். 1960இல் நிறுவப்பட்டு 1967இல் உற்பத்தி தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையின் 'இந்து' கருப்பு வெள்ளை ரோல்கள் நாடெங்கும் ஸ்டுடியோக்களில் ஓடின. அந்த ரோலில் படமெடுத்த ஸ்டுடியோக்காரருக்கு சிவப்புச் சேலையும் பச்சைப் பின்னணியும் ஒரே சாம்பலாகிவிடும் ஆபத்து கைப்பழக்கமாகத் தெரியும். இன்று ஆலை மூடிவிட்டது, போனில் ஒரு ஃபில்டர் அந்த வேலையைச் செய்கிறது, செய்து பார்ப்பவர்தான் குறைவு.

மென்பொருள் காட்டும் 'லைட்னஸ்' எண்ணை நம்பி இந்தச் சோதனையைத் தவிர்க்க முடியாது. நிறம், செறிவு, லைட்னஸ் என்று மூன்று எண்களில் நிறத்தைச் சொல்லும் ஹெச்எஸ்எல் என்ற முறையில் பளீர் மஞ்சளுக்கும் பளீர் நீலத்துக்கும் லைட்னஸ் ஒரே 50. ஆனால் திரையில் வெள்ளையின் வெளிச்சத்தை 100 என்று வைத்தால் அந்த மஞ்சள் 93, அந்த நீலம் வெறும் 7. கண் பச்சைக்குக் கொடுக்கும் மரியாதையை நீலத்துக்குக் கொடுப்பதில்லை. வெளிச்சக் கணக்கில் பச்சை விளக்குக்கு ஏறக்குறைய 72 பங்கு, சிவப்புக்கு 21, நீலத்துக்கு 7. ஹெச்எஸ்எல், அதைப் போன்ற ஹெச்எஸ்வி எல்லாம் 1970களில் கணினியின் வேகத்துக்காகச் செய்த சுருக்குவழிகள். 2020இல் பியோர்ன் ஒட்டோசன் வெளியிட்ட ஓகேலேப் என்ற முறையும் அதிலிருந்து வந்த ஓகேஎல்சிஹெச்சும் கண்ணுக்கு நெருக்கமாக நடந்துகொள்கின்றன. இன்றைய பிரவுசர்கள் அதை நேரடியாகவே புரிந்துகொள்ளும். இணையதளத்துக்கு ஐந்தாறு பச்சைகளைச் சீரான படிகளில் எடுக்க வேண்டுமென்றால் அதைப் பயன்படுத்துங்கள்.

வெள்ளைப் பின்னணியில் வெளிர்ப்பச்சை எழுத்து வைப்பது 'இயற்கையோடு இணைந்த' ரிசார்ட்டுகளின் வழக்கம். இணைய அணுகல் வழிகாட்டி சாதாரண எழுத்துக்கு பின்னணியோடு 4.5க்கு 1 என்ற வெளிச்ச வேறுபாடு வேண்டும் என்கிறது. ஆர்ஜிபி 0, 255, 0 என்ற பச்சையை வெள்ளையில் வைத்தால் கிடைப்பது 1.4தான். அதே பச்சையை 0, 100, 0 என்று இருட்டினால் 7.4 ஆகிவிடுகிறது. வெளிச்சம் பிரதிபலிக்கும் பஸ் ஸ்டாண்டில் நின்று ரூம் நம்பரைத் தேடும் விருந்தினருக்கு இந்த வித்தியாசம் தெரியும். சிவப்பு பச்சை பிரித்தறிய முடியாத ஆண்கள் நாம் நினைப்பதைவிட அதிகம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'பச்சை என்றால் அறை காலி, சிவப்பு என்றால் நிரம்பியது' என்று நிறத்தை மட்டும் வைத்துச் சொல்லக் கூடாது, எழுத்திலும் எழுத வேண்டும்.

வெள்ளைக்கு மை கிடையாது

நான்கு வண்ண அச்சில் வெள்ளை என்பது காகிதம். ஹெத்தையம்மன் திருவிழாவில் படுகர் பெண்கள் வெள்ளை உடுத்தி வரிசையாக வரும் படத்தை விழா மலரில் போடும்போது, துணியின் மடிப்புகளில் 3, 4 சதவீதமாவது மை விழும்படி பார்த்துக்கொண்டால்தான் துணி துணியாகத் தெரியும். வெளிச்சத்தைக் கூட்டி 255இல் முட்டவைத்துவிட்டால் உடம்பு இருக்கும் இடத்தில் வெறும் காகிதம்தான் இருக்கும்.

பிளாஸ்டிக் பைக்குத் தடை உள்ள மாவட்டம் இது. அதனால் கடைகள் பழுப்பு நிறக் கிராஃப்ட் காகிதப் பைக்கு மாறியிருக்கின்றன. அங்கே 'வெள்ளை'யே பழுப்பு. மஞ்சள் மை ஏறக்குறைய காணாமல் போகும், வெளிர்நீலம் சாம்பலாகும், ஊதா காப்பி நிறமாகும். திரையில் வெள்ளைப் பின்னணியில் அழகாக இருந்த ஆறு நிற லோகோவைக் கிராஃப்ட்டில் அடித்துவிட்டு வருந்துவதைவிட, கருப்பு ஒன்றோ கருப்பும் சிவப்புமோ போதும் என்று முதலிலேயே முடிவெடுப்பது மேல். மாறாக, பளபளக்கும் டீ பவுச்சுகள் பெரும்பாலும் கிராவ்யூர் முறையில் அச்சாகின்றன. அங்கே வெள்ளையையும் ஒரு மையாக அடியில் ஓட்டுவார்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சிலிண்டர் செதுக்க வேண்டும், ஒவ்வொரு சிலிண்டருக்கும் காசு.

ஒரு குறிப்பிட்ட ஊதா வேண்டியே ஆக வேண்டும் என்றால் வழி உண்டு. அந்த நிறத்திலேயே கலந்து வைத்த மையைத் தனி பிளேட்டில் ஓட்டுவது. பிரஸ்ஸில் 'ஸ்பெஷல் கலர்' என்று கேட்டால் புரியும். 1963இல் பான்டோன் வெளியிட்ட எண் முறை இதற்காகத்தான்: விசிறி போன்ற மாதிரிப் புத்தகத்தில் எண்ணைக் காட்டினால் மை எப்படிக் கலப்பது என்பது அதிலேயே இருக்கும். ஐந்தாவது கலருக்குச் செலவு கூடும். ஆயிரம் விசிட்டிங் கார்டுக்கு அது வீண், லட்சம் பெட்டிக்குத் தாராளமாகச் செய்யலாம்.

ஆக, தேர்வைத் திரையில் தொடங்கக் கூடாது. அந்த நிறம் போய்ச் சேர வேண்டிய இடங்களிலேயே மிக ஏழையான பரப்பு எது என்று பார்த்து அங்கிருந்து தொடங்க வேண்டும். கிராஃப்ட் பையில் நிற்கும் நிறம் மேப்லித்தோவில் நிற்கும், மேப்லித்தோவில் நிற்பது ஆர்ட் பேப்பரில் நிற்கும், திரை எதையும் தாங்கும். தலைகீழாக வந்தால் ஒவ்வொரு படியிலும் ஒரு நிறத்தை இழந்துகொண்டே இறங்க வேண்டியதுதான். அச்சில் வரக்கூடிய சிஎம்ஒய்கே எண்களை முதலில் முடிவு செய்து, அதற்கு நெருங்கிய எஸ்ஆர்ஜிபி எண்ணைப் பிறகு எழுதிக்கொள்வதே என் வழக்கம். திரைக்கு மட்டும் போகும் வேலைகளில், உதாரணமாக இன்ஸ்டாகிராம் பதிவில், ஜகரண்டா ஊதாவைத் தாராளமாக வாரி இறைக்கலாம்.

ப்ரூஃபை, அதாவது அச்சுக்கு முன் சரிபார்க்க எடுக்கும் மாதிரியை, எங்கே வைத்துப் பார்க்கிறோம் என்பதும் கணக்கில் சேரும். அச்சு வேலைக்கு 5000 கெல்வின் (எண் கூடக் கூட வெளிச்சம் நீலமாகும்) வெளிச்சம் என்பது தரநிலை, மானிட்டர்கள் 6500இல் வெள்ளை காட்டும். மஞ்சு மூடிய பகலில் ஜன்னலோர வெளிச்சம் அதைவிட நீலம், சாயங்காலம் குண்டு பல்பின் கீழ் எல்லாமே மஞ்சள். ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரியும் இரண்டு பச்சைகள் மற்றொன்றில் வேறு வேறாகத் தெரியலாம், மைகள் வேறானால் இது சாதாரணம். கடையில் எந்த விளக்கின் கீழ் பாக்கெட் நிற்கப் போகிறதோ அங்கேயும் ஒருமுறை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

வெளியில் வைக்கும் போர்டுகளுக்கு மட்டும் கணக்கு வேறு. மலைப் பாதை வளைவுகளில் பழைய ஃப்ளெக்ஸ் போர்டுகளில் மனித முகங்கள் நீலம் பாரித்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். புற ஊதாக் கதிர் மஞ்சளையும் மெஜந்தாவையும் முதலில் வெளுக்கிறது, சயானும் கருப்பும் நிலைக்கின்றன. உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் அந்தக் கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடும், ஊட்டி இருப்பதோ 2,240 மீட்டரில். குளிராக இருப்பதால் வெயில் குறைவு என்று நினைப்பது சரியல்ல. கடைப் பெயர், அம்புக்குறி, போன் நம்பர் ஆகியவற்றைக் கருப்பிலோ அடர்நீலத்திலோ வையுங்கள். சிவப்பை அலங்காரத்துக்கு விடுங்கள், ஓரிரு வருடத்தில் அது போய்விட்டாலும் வழி தெரியும்.